கல்யாண வீடா, சாவு வீடா?

அன்புள்ள சார்,

உங்கள் கட்டுரைகளை இரண்டு வருடமாகப் படிக்கிறேன். ஆனால் நான் ஸ்கூல் படிக்கும்போது சனிக்கிழமை ராத்திரி டிவியில் வந்த அந்த ஸ்கெட்ச் காமெடியை எழுதிய நான்கு பேரில் நீங்களும் ஒருவர் என்பது போன வாரம்தான் ஒரு நண்பன் சொல்லித் தெரிந்தது. தாத்தாவும் நானும் விடாமல் பார்ப்போம். ஹவுஸ் ஓனர் வரும்போது தாத்தாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிடும்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்க வேண்டும். முதல் சீசன் அவ்வளவு நன்றாக இருந்ததே, இரண்டாவது ஏன் அப்படிப் போனது? அதே ஆட்கள், அதே ஹவுஸ் ஓனர். ஆனால் நான்காவது வாரமே தாத்தா "நியூஸ் வைடா" என்று சொல்லிவிட்டார். சரக்கு தீர்ந்துவிட்டதா? அந்த சீசனில் எனக்குப் பிடித்தது ஷாமியானா பந்தலில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் ஸ்கெட்ச் மட்டும்தான். அதிலும் அது கல்யாண வீடா, சாவு வீடா என்று கடைசிவரை சொல்லவே இல்லை. முடிவு கிடைக்காமல் விட்டுவிட்டீர்களா?

நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து யூட்யூபில் இதே மாதிரி செய்கிறோம். முதல் பத்து வீடியோ நன்றாகப் போனது. அடுத்த பத்துக்கு இப்போது உட்கார்ந்திருக்கிறோம். உள்ளுக்குள் உதறல்.

ம.கா., மடிப்பாக்கம்

அன்புள்ள ம.கா.,

தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான்காவது வாரம் வரை பொறுத்துக்கொண்டாரே. எங்கள் யூனிட்டிலேயே மூன்றாவது வாரம் எடிட்டிங் ரூமை விட்டு எழுந்து டீ குடிக்கப் போனவர்கள் உண்டு. அதில் நானும் ஒருவன்.

சரக்கு தீரவில்லை. தீர்ந்துவிடும் என்று பயந்தோம், அது வேறு. அரைமணி ஸ்லாட்டில் விளம்பரம் போக எங்கள் கைக்கு வருவது 22 நிமிடம். ஒரு பிட் மூன்றரை நிமிடம் என்றால் வாரத்துக்கு ஆறு. (ஸ்கெட்ச் என்று யூனிட்டில் யாரும் சொன்னதில்லை. 'பிட்'டுதான். பரீட்சை ஹாலில் பழகிய வார்த்தை, எல்லோருக்கும் சுலபமாக வாயில் வந்தது.) 13 வாரத்துக்கு 78 பிட். முதல் சீசனுக்கான 78, நாங்கள் நால்வரும் காலேஜ் கல்ச்சுரல்ஸ் முதல் பத்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்தவை. இரண்டாவது சீசனுக்கான 78-ஐ எழுத எங்களுக்குக் கிடைத்தது பதினோரு வாரம். போதாததற்கு, எபிசோடுக்கு இரண்டு கால்ஷீட் என்பதை ஒன்றரையாகக் குறைத்தார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இதைக் காரணமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். மேஜை மேல் எழுதிய பக்கங்கள் தேவைக்கு மேலேயே கிடந்தன.

கெட்டுப்போனது வேறு இடத்தில். ஹவுஸ் ஓனர் பிட் முதல் சீசனில் எப்படித் தொடங்கும் என்று ஞாபகம் இருக்கிறதா? கேட் திறக்கும். புரோக்கரோடு ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வருவார்கள். பனியன், வேட்டி, கையில் மடித்த பேப்பரோடு ஒரு பெரியவர். "வாங்க, வாங்க. செருப்பு இருக்கட்டும், பரவால்ல." குடிக்கத் தண்ணீர் கொடுப்பார். அட்வான்ஸ் பத்து மாசம் என்பார். மோட்டார் காலையில் ஆறிலிருந்து ஆறரை என்பார். மெட்ரோ தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள், கோடையில் லாரிக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பார். இதில் சிரிக்க ஒன்றுமே கிடையாது. ஐம்பது நொடி இப்படியே போகும். சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு அது டிவி என்பதே மறந்துவிடும். பிறகு அதே குரலில், அதே முகத்தோடு, "பாத்ரூம்ல பாடற பழக்கம் உண்டா?" என்பார். புருஷன் திருதிருவென்று விழிக்க, "இல்ல, ராகம் தெரிஞ்சு பாடறவங்கன்னா வாடகை எட்டாயிரம். தெரியாம பாடறவங்களுக்கு ஒம்பது." அங்கிருந்து ஒவ்வொரு படியாகப் பித்து ஏறும்.

அந்த நடிகரை அதற்கு முன் யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஐம்பது நொடியும் நின்றது.

இரண்டாவது சீசன் வருவதற்குள் அவர் ரங்கநாதன் தெருவில் நடக்க முடியவில்லை. "ஓனர் சார், பாத்ரூம்ல பாடலாமா?" என்று பிளாட்பாரக் கடைக்காரர்கள் கூப்பிட்டுக் கேட்டார்கள். சேனலில் மீட்டிங் போட்டு, அவர் வாராவாரம் வந்தாக வேண்டும் என்றார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டோம். அடுத்த மீட்டிங்கில் ஒருவர், "அவர் யாருன்னு எல்லாருக்கும் தெரியுமே, அந்த முதல் ஐம்பது நொடி எதுக்கு? ஜனங்க கையில ரிமோட் இருக்கு சார்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஐம்பதை இருபதாக்கியது நான்தான். என் கையெழுத்தில் அடித்த ஸ்கிரிப்ட் இன்னும் வீட்டில் இருக்கிறது. மூன்றாவது வாரம் அந்த இருபதும் போனது. கேட் கிறீச்சிட்டதுமே அதன் மேல் ஒரு 'டொய்ங்' போட்டார்கள். சிரிக்கலாம் என்பதற்கு அனுமதிச் சீட்டு மாதிரி.

முதல் வசனத்திலேயே பித்தாக இருப்பவர் அதற்கு மேல் எங்கே ஏறுவார்? மொட்டை மாடியில் பரதநாட்டியம் ஆடினார், தண்ணீர் டேங்குக்குள் இறங்கினார், குடித்தனக்காரர் கல்யாணத்தில் தானே தாலி எடுத்துக் கொடுத்தார். எதிலும் அந்த 'எட்டாயிரம், ஒம்பது' கிட்டக்கூட வரவில்லை. நடிகரின் கண்ணும் மாறிவிட்டது. முதல் சீசனில் எதிரே நிற்கும் குடித்தனக்காரரைப் பார்த்துப் பேசுவார், அந்தக் குடும்பத்துக்கு வீட்டை விடலாமா என்று நிஜமாகவே யோசிப்பது போல. இரண்டாவதில் அவர் பார்வை குடித்தனக்காரரைத் தாண்டி, எங்கோ உட்கார்ந்திருக்கும் உங்கள் தாத்தாவைத் தேடியது. தாத்தா நியூஸ் வைக்கச் சொன்னது அதனால்தான் இருக்கும்.

'தெரிந்த முகம் என்றாலே இப்படித்தான் ஆகும் என்றால், லொள்ளு சபா எப்படி ஓடியது?' என்று நீங்கள் கேட்கலாம். விஜய் டிவியில் ராம்பாலா இயக்கத்தில் அது வந்துகொண்டிருந்த காலத்தில் சந்தானம், மனோகர், சுவாமிநாதன் எல்லாருமே ஊருக்குத் தெரிந்த முகங்கள். ஆனால் அவர்கள் கையில் எடுத்தது நீங்கள் ஏற்கெனவே பார்த்த படங்களை. அந்த ஐம்பது நொடியை நீங்கள் தியேட்டரிலேயே காசு கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் டிவி முன்னால் உட்கார்ந்தீர்கள். இயல்பு அங்கே தயாராக இருந்தது, அதைக் கோணலாக்குவதுதான் மிச்சம். எங்களுக்கு ஒவ்வொரு பிட்டிலும் இயல்பை நாங்களே கட்டி, பிறகு நாங்களே உடைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது சீசனில் கட்டாமலே உடைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது என்றாலே இறங்குமுகம்தான் என்றும் இல்லை. பிபிசியில் மான்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் குழுவின் முதல் ஸ்கெட்ச் தொடர் 1969 அக்டோபரில் தொடங்கியது. இரண்டாவது 1970 செப்டம்பர் 15-ல், ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதுவும் 13 எபிசோடுதான். உலகமே இன்றும் நடந்து காட்டிக்கொண்டிருக்கிற அந்த 'கோணங்கி நடை அமைச்சகம்' ஸ்கெட்ச் வந்தது அந்த இரண்டாவது தொடரின் முதல் எபிசோடில். எல்லோரும் அதில் நடந்து காட்டும் ஜான் கிளீஸின் காலையே பார்க்கிறார்கள். இடுப்புக்கு மேலே பாருங்கள். கறுப்புக் கோட்டு, வட்டத் தொப்பி, மாதச் சம்பளம் தவறாமல் வருகிற ஓர் அதிகாரியின் முகம். ஆபீசில் ஒருவன் தன் கோணங்கி நடையை வளர்த்துக்கொள்ள அரசாங்க மானியம் கேட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். இவர் துறைக்கு நிதி போதவில்லை என்று நம் கோட்டை அதிகாரிகள் மாதிரியே அலுத்துக்கொள்கிறார். எங்கள் ஐம்பது நொடி மேல்பாதியில், பித்து கீழ்பாதியில், இரண்டும் ஒரே நேரத்தில். அதைப் பார்த்து நான் பொறாமைப்படாத வருடம் இல்லை.

அவர்கள் எழுதிய விதமும் உங்களுக்கு உபயோகப்படும். கிளீஸும் கிரஹாம் சாப்மனும் ஒரு ஜோடி, மைக்கேல் பேலினும் டெர்ரி ஜோன்ஸும் ஒரு ஜோடி, எரிக் ஐடில் தனியாக. எழுதி எடுத்து வந்து ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவார்கள். மற்றவர்கள் சிரித்தால் இருக்கும். முடிவு வசனம் கிடைக்காவிட்டால் அழுதுகொண்டிருப்பதில்லை, பாதியிலேயே விட்டுவிட்டு டெர்ரி கில்லியமின் வெட்டி ஒட்டிய அனிமேஷனுக்குத் தாவிவிடுவார்கள். அவர்களுக்கும் அலுப்பு வந்தது. 1974-ல் வந்த நான்காவது தொடரில் கிளீஸ் இல்லை, ஆறே எபிசோடோடு முடிந்தது.

இப்போது ஷாமியானா. நவம்பர் மாதம். ராத்திரி முழுக்க மழை. வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீடு. ஹவுஸ் ஓனர் மகள் கல்யாணம் என்று ஒரு பிட் எழுதி வைத்திருந்தோம். ஓனரே போரூர் பக்கம் முழங்கால் தண்ணீரில் வண்டியோடு நின்றுவிட்டார். மேளக்காரர்களாக வர வேண்டியவர்களும் வரவில்லை. வந்து சேர்ந்தது ஷாமியானா, முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் கேன், சின்னச் சின்ன வேஷம் கட்டுகிற இரண்டு நடிகர்கள். முந்தின நாள் ஷாமியானாக்காரருக்கு எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் போன் போட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "நல்லதா, கெட்டதா?" கெட்டது என்றால் வெறும் துணி, ஜாலர் கிடையாது. மேனேஜர், "ஷூட்டிங் அண்ணே" என்றார். "அப்ப கெட்டதுதான்" என்று போனை வைத்துவிட்டார். ஜாலர் இல்லாத வெறும் பந்தல் வந்து நின்றது.

அந்தப் பந்தலைப் பார்த்துக்கொண்டே காருக்குள் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரத்தில் எழுதியதுதான் உங்களுக்குப் பிடித்த பிட். ஆபீசில் யாரோ அட்ரஸ் கொடுத்து அனுப்பிய இரண்டு பேர், ஒருவர் மஞ்சள் சட்டை, இன்னொருவர் கண்ணாடி. இது என்ன வீடு என்று தெரியாது, கேட்கவும் கூச்சம். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் பிரச்சினை. பக்கத்து நாற்காலிக்காரர், "மாலை வாங்கிட்டு வரலியா?" என்கிறார். இருவரும் பாதி சிரித்து பாதி வருந்துகிறார்கள். "பெரியவரு உள்ளதான் இருக்காரு, பாத்துட்டு வந்துடுங்க." அசையவில்லை. "பொண்ணுதான் பாவம், காலைலேருந்து அழுதுட்டே இருக்கு." இதற்குமா தெளிவு வரவில்லை? வரவில்லை. கடைசியில் மஞ்சள் சட்டைக்காரர் துணிந்து, "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்கிறார். "எட்டரைக்கு எடுத்துடுவாங்க." கண்ணாடிக்காரர் மெதுவாக, "குரூப்பாவா?"

இரண்டு பேரையும் யாருக்கும் தெரியாது. நாங்கள் வெட்டி எறிந்த ஐம்பது நொடி மழையில் தானாகத் திரும்பி வந்திருந்தது. இதை அன்றைக்கு நாங்கள் கண்டுபிடித்தோம் என்று சொன்னால் பொய். அடுத்த வாரமே மறுபடி ஓனரைத் தண்ணீர் டேங்கில் இறக்கினோம்.

சேனலில் முடிவு கேட்டார்கள். "கடைசியில ஒரு நாதஸ்வரம், இல்ல ஒரு சங்கு, ஏதாவது ஒரு சவுண்டு போட்டா போதும் சார்." நாங்கள் கொள்கைக்காகப் போராடி ஜெயித்தோம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். டேப் போய்ச் சேர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அப்படியே போய்விட்டது. மூன்றாவது சீசன் வரவில்லை, அந்த ஸ்லாட்டுக்கு ஒரு டான்ஸ் நிகழ்ச்சி வந்தது.

உங்கள் அடுத்த பத்தைப் பற்றி. நான் உங்கள் வீடியோக்களில் ஏழு பார்த்தேன். அந்த டெலிவரி பையன் வேஷம் போடுகிறவரைக் கேமராவில் பார்த்ததுமே கமெண்ட்டில் சிரிப்புப் பொம்மையாகக் கொட்டுகிறது. கவனம். அவரை நிறுத்த வேண்டாம். கதவுக்கு இந்தப் பக்கம் கொண்டு வாருங்கள், பார்சலை வாங்குகிறவராக. கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் பார்த்திராத ஒருவரை நிறுத்துங்கள், உங்கள் மாமாவோ, தெருவில் இஸ்திரி போடுகிறவரோ. முதல் நிமிடத்தில் அவர் ஒழுங்காக ஓடிபி கேட்கட்டும். யாராவது 'ஸ்கிப் பண்றாங்க' என்று கிராஃப் காட்டினால் அந்த மீட்டிங்குக்குப் போகாதீர்கள். 'டொய்ங்' போடுகிற சாஃப்ட்வேர் பட்டனை எடிட்டரிடமிருந்து பிடுங்கிவிடுங்கள்.

கடைசியாக, அது கல்யாண வீடா, சாவு வீடா. டேக்குக்கு முன்னால் மஞ்சள் சட்டைக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சார், எனக்கு மட்டும் சொல்லுங்க, எது?" என்றார். கல்யாணம் என்றேன். ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணாடிக்காரர் வந்து அதையே கேட்டார். சாவு என்றேன். இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். ஒருவர் சட்டைப் பையில் மொய்க் கவர் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். இன்னொருவர் தாகத்தோடு எழுந்து தண்ணீர் கேன் வரைக்கும் போய், டம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்துவிட்டு வந்து உட்காருவார்.