14 வயது மகன், இயர்போன், குடும்ப ஜெபம்: போனைப் பிடுங்காமல் என்ன செய்யலாம்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு ஹால், ஒரு ரூம் வீடு. மகனுக்கு 14 வயது. வாலிபர் கூட்டத்தில் கீபோர்டு வாசிக்கிறான். வீட்டுக்கு வந்தால் எந்நேரமும் காதில் இயர்போன். கானா, சினிமாப் பாட்டு, ராப். ராத்திரி 12 மணி வரை போன். குடும்ப ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்தாலும் வாய் திறந்து பாடுவதில்லை. போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

பதில்:

பிடுங்க வேண்டாம். வாலிபர் ஊழியத்தில் இருப்பவன் என்ற முறையில் இதை அழுத்தமாகவே சொல்கிறேன். பள்ளி வீட்டுப்பாடமும் கொயர் பிராக்டிஸ் நேரமும் இன்று வாட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன. அதனால் மூன்றாம் நாள் நீங்களே போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் அவன் நண்பனின் போனில் கேட்கப் பழகியிருப்பான். இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு: ஜெபத்துக்கு வராததற்குப் போனைப் பறித்தால், போனுக்குக் கொடுக்கும் வாடகையாக ஜெபம் மாறிவிடும். வீட்டில் செய்த தப்புக்காக “இந்த வாரம் சபையில் வாசிக்கக் கூடாது” என்று நிறுத்துவதும் அதே மாதிரிதான். சபையோடு அவனைக் கட்டி வைத்திருக்கும் கயிறு அந்தக் கீபோர்டு. அதை நாமே அறுக்கக் கூடாது.

பாடாமல் இருப்பதை முதலில் பார்ப்போம். பெற்றோர் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். 12 முதல் 15 வயதுக்குள் பையன்களுக்குக் குரல் உடையும். குரல்வளை வளர்ந்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அந்த மாதங்களில் ஐந்தாறு சுரங்கள்தான் வசமாக நிற்கும், மற்றவை நழுவும். வீட்டில் பாட்டை அம்மா எடுப்பார், அவருக்கு வசதியான சுருதியில். போன வருஷம் அதே சுருதியில் கூடப் பாடியவனுக்கு இப்போது மேல் சுரம் எட்டாது. ஒரு ஸ்தாயி இறங்கிப் பாடினால் அடி சுரம் கேட்காது. ஒரு நாள் குரல் கிறீச்சிட்டு, தங்கை சிரித்துவிட்டால் போதும், அன்றோடு வாயை மூடிக்கொள்வான். பார்க்கிறவர்களுக்கு அது பக்திக் குறைவாகத் தெரியும்.

இதற்கு மருந்து கீபோர்டிலேயே இருக்கிறது. மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை மைனஸ் 2-ல் தொடங்கி மைனஸ் 5 வரை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு எண் என்றால் கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து ஒரு கீ. பாட்டின் உச்ச சுரம் அவனுக்குச் சிரமமில்லாமல் வரும் இடத்தில் நிறுத்துங்கள். வீட்டில் இனி சுருதி கொடுப்பது அவன் வேலை, பெரியவர்கள்தான் அவன் சுருதிக்கு இறங்கி வர வேண்டும். அந்த ஒரு வருஷத்துக்கு ஏற்ற இறக்கம் அதிகமில்லாத பாட்டுகளாக எடுங்கள். அவன் பாடாமல் வாசித்தாலும் அது பங்கெடுப்புதான், அதைக் குத்திக்காட்ட வேண்டாம். பாட்டு முடிந்ததும் ட்ரான்ஸ்போஸை 0-க்குக் கொண்டுவரும் பழக்கத்தையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். ஆராதனையில் ஒரு பாட்டுக்கு இறக்கியதை மறந்துவிட்டால், அடுத்த பாட்டில் கிதார் ஒரு சுருதியிலும் கீபோர்டு வேறொரு சுருதியிலும் போகும்.

குடும்ப ஜெபம் எவ்வளவு நேரம்? 12 முதல் 15 நிமிடம் போதும். ஒரு பாட்டில் இரண்டு சரணம், பத்து வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம். நாற்பது நிமிடம் இழுத்து, அதில் பாதி மகனுக்கான மறைமுகப் பிரசங்கமாக இருந்தால் எந்தப் பிள்ளையும் வராது. அந்த நேரத்தில் அச்சிட்ட வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் கையில் இருக்கட்டும். போனில் வேதம் வாசித்தே பழகியவர்கள் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு உட்காரலாம். அப்பாவுக்கும் இதே சட்டம்தான். ஜெபத்தின் நடுவே அப்பா வாட்ஸ்அப் பார்க்கிற வீட்டில் மகனிடம் எதுவும் சொல்ல முடியாது.

தினமும் இரவு 9 மணி என்று வைப்பது நம் பகுதியில் பல வீடுகளுக்குச் சரிவராது. துறைமுகத்தில் ஷிப்டு, மணலியில் கம்பெனி வேலை, காசிமேட்டில் விடியுமுன் கடலுக்குப் போகும் படகு என்று வீட்டுக்கு வீடு நேரம் மாறுகிறது. உபாகமம் 6:7 வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது என்று நான்கு வேளைகளைச் சொல்கிறது. கடிகார நேரம் எதையும் குறிக்கவில்லை. வாரத்தில் எல்லோரும் கூடும் மூன்று வேளைகளைக் கண்டுபிடித்து அவற்றை மட்டும் விடாமல் பிடியுங்கள். கடல் தொழில் வீடாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் பழக்கத்தைத் தொடங்க நல்ல சமயம். அப்பா கரையில் இருப்பார், பள்ளிக்கும் கோடை விடுமுறை.

அடுத்தது வீட்டில் பயிற்சி. சிறிய வீட்டில் கீபோர்டுச் சத்தமே சண்டைக்குக் காரணமாகும். ஹவுசிங் போர்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. அதனால் ஹெட்போன் மாட்டி வாசிக்கட்டும். இங்கே வயர் வைத்ததே வேண்டும். புளூடூத் இயர்பட்ஸில் கீயை அழுத்துவதற்கும் சத்தம் வருவதற்கும் இடையே 100 முதல் 250 மில்லிசெகண்ட் வரை தாமதம் வரலாம். அதோடு வாசிக்கும் பையன் தன்னை அறியாமல் முந்தி வாசிக்கப் பழகுவான், சபையில் டிரம்ஸோடு சேரமாட்டான். சில கீபோர்டுகளில் 3.5 மி.மீ. ஜாக், சிலவற்றில் 6.3 மி.மீ. தடி ஜாக். அடாப்டர் வாங்கும்போது ஸ்டீரியோவா என்று கேட்டு வாங்குங்கள். பின்னின் முனையில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் ஸ்டீரியோ. ஒரே வளையம் உள்ள மோனோ அடாப்டரைப் போட்டால் ஒரு காதில் மட்டும் கேட்கும், ஹெட்போன் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்று வாங்குவீர்கள். பவர் அடாப்டர் மாற்றும்போது வோல்டேஜ் மட்டுமல்ல, நடு முனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற குறியையும் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். தப்பாகப் போட்டால் போர்டு போய்விடும்.

ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். 5 நிமிடம் ஸ்கேல், 10 நிமிடம் வரும் ஞாயிறுக்கான இரண்டு பாட்டு, 5 நிமிடம் மெட்ரோனோமோடு (சீராக டிக் டிக் என்று தாளம் காட்டும் கருவி). தானாகவே தாளமும் பின்னணியும் வாசிக்கும் ஸ்டைல் பட்டனை அழுத்திவிட்டு அதன் மேல் மெலடி வாசிப்பதைப் பயிற்சி என்று எண்ண வேண்டாம், இடது கை வளரவே வளராது. இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: மூன்று எண்ணிக்கையில் போகும் கீர்த்தனைக்கு நாலு எண்ணிக்கை பீட்டைப் போட்டுவிட்டு, “பழைய பாட்டு தாளத்துக்கே வரமாட்டேங்குது” என்பார்கள். முதலில் கையால் தாளம் போட்டு எண்ணச் சொல்லுங்கள், பிறகு பீட்டைத் தேடட்டும். கடற்கரை ஓரம் உப்புக் காற்று ஜாக்கையும் கிதார் கம்பியையும் அரிக்கும். கீபோர்டைப் பிளாஸ்டிக் உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், பருத்தித் துணி நல்லது. கிதாரை வாசித்து முடித்ததும் கம்பியை ஒருமுறை துடைத்தால் இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும்.

காது விஷயத்தில் கண்டிப்பு தேவை, ஏனென்றால் போன கேட்புத் திறன் திரும்பாது. உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபலில். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 78-ல் 20 மணி, 81-ல் 10, 84-ல் 5. முழு வால்யூமில் பல போன்கள் 100 டெசிபலைத் தொடும், அங்கே கணக்கு நிமிடங்களுக்கு வந்துவிடும். வால்யூம் 60 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது. சாம்சங் போனில் மீடியா வால்யூம் லிமிட், ஐபோனில் ஹெட்போன் சேஃப்டி என்று அமைப்புகள் இருக்கின்றன. அளக்கக் கருவி வேண்டாம். ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசுங்கள், அவனுக்குக் கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம்.

டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) பஸ் இரைச்சலை அமுக்கப் பிள்ளைகள் வால்யூமை ஏற்றுவார்கள், வீட்டுக்கு வந்த பிறகும் அதை இறக்க மாட்டார்கள். ஆகவே பயணத்தில் கேட்காமல் வீட்டில் கேட்பது என்று முறை வையுங்கள். தெருவில் நடக்கும்போது இரண்டு காதிலும் எதுவும் கூடாது. கொருக்குப்பேட்டையில் தண்டவாளம் கடக்கிறவனுக்கும், கன்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் விரைவுச் சாலை ஓரம் நடக்கிறவனுக்கும் காதுதான் காவல். இதில் பேரம் பேச வேண்டாம்.

இரவுக்கு: 14 வயதுப் பிள்ளைக்கு 8 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். ஒரே அறை வீட்டில் போனைப் படுக்கையறைக்கு வெளியே வை என்று சொல்ல இடமில்லை. ஃபிரிட்ஜ் மேலேயோ டிவி ஸ்டாண்டிலோ எல்லார் போனுக்கும் ஒரே சார்ஜிங் இடம் வைத்து, 9.30-க்கு வீட்டிலுள்ள எல்லா போனும் அங்கே போகட்டும். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்ற சாக்கு உடனே வரும். முதலிலேயே மேஜைக் கடிகாரம் ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள். முதல் பத்து நாள் முனகல் இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள்.

யூடியூப் கணக்கையும் பாருங்கள். பல வீடுகளில் அப்பாவின் ஒரே ஜிமெயில்தான் எல்லாப் போனிலும் ஓடுகிறது. அப்பா பார்த்தது மகன் திரையில் வரும், மகன் தேடியது தங்கை திரையில் வரும். உண்மையான பிறந்த வருஷத்தோடு அவனுக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள். 13 முதல் 17 வயதுக் கணக்கில் ஆட்டோபிளே தானாகவே அணைந்திருக்கும், பெரியவர் கணக்கில் அப்படியில்லை. வேண்டாதது வந்தால் மூன்று புள்ளியை அழுத்தி, அந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே என்று கொடுக்க அவனுக்கே காட்டிக்கொடுங்கள். பெற்றோர் கண்காணிப்புக்கான கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பை இணைக்க இந்த வயதில் அவன் சம்மதமும் தேவை. திருட்டுத்தனமாகக் கண்காணிப்பு ஆப் போடாதீர்கள், ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் பிறகு அவன் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டான்.

கானாவைப் பற்றி. அது நம் வடசென்னைத் தெருவில் பிறந்த பாட்டு, சாவு வீட்டில் துக்கத்தைச் சொல்லி அழுத பாட்டு. அந்தத் தாளத்தையே பாவம் என்று சொன்னால், நமக்கு விஷயம் தெரியாது என்று அவன் முடிவு செய்வான், அது சரியான முடிவும்கூட. சங்கீதம் 150 எக்காளம், வீணை, தம்புரு, தீங்குழல், கைத்தாளம் என்று தன் காலத்துக் கருவிகளை அடுக்குகிறது, எதையும் ஒதுக்கவில்லை. பார்க்க வேண்டியது வரிகளை. வாரம் ஒரு நாள் அவனுடைய மூன்று பாட்டை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, முழுதாகக் கூட உட்கார்ந்து கேளுங்கள். பிறகு ஒரே கேள்வி: இந்த வரியைத் தங்கச்சி முன்னால் பாடுவியா? போதையைக் கொண்டாடுகிற, பெண்ணை இழிவாகப் பேசுகிற பாட்டை அவனே நகர்த்தி வைப்பான். நகர்த்தாவிட்டால் அப்போது காரணத்தோடு மறுங்கள். அதன்பின் உங்கள் பாட்டு மூன்றை அவன் கேட்கட்டும்.

அவன் வாசித்ததை யூடியூபில் போட ஆசைப்படுவான், அது நல்ல ஆசை. தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் 1864-ல் மறைந்தவர், அவர் எழுதிய கீர்த்தனைகளுக்கு இன்று காப்புரிமை இல்லை. ஆனால் அதை இன்று ஒரு நிறுவனம் பதிவு செய்த டிராக்கைப் பின்னணியில் ஓடவிட்டால் காப்புரிமைக் கோரிக்கை வரும். எனவே தானே வாசித்ததைப் பதிவேற்றட்டும். யூடியூபில் தனியாக நேரலை போட 16 வயது ஆக வேண்டும்.

வீட்டு அளவில் தீராதவையும் உண்டு. காதில் இரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது கூப்பிட்டால் திரும்பத் திரும்ப “என்ன?” என்று கேட்டால், ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்புப் பரிசோதனைக்குக் கேளுங்கள். வாரக்கணக்கில் தூங்காமல், நண்பர்களையும் கீபோர்டையும் கூட விட்டு ஒதுங்கினால் அது பாட்டுப் பிரச்சினை அல்ல. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். உங்கள் சபை ஐயரிடமோ பாஸ்டரிடமோ பேசுவதும் நல்லதுதான், ஆனால் மகனிடம் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.