மின்சாரக் காரை லீஸில் எடுப்பதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, ஒரே விலையுள்ள இரண்டு மின்சாரக் கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். வட்டி விகிதமும் ஒப்பந்தக் காலமும் ஒன்றே. ஆனாலும் ஒன்றின் மாதத் தவணை மற்றதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கிறது. ஏன்?

பதில்: லீஸில், அதாவது நிறுவனத்தின் காரை நீண்ட கால வாடகைக்கு எடுக்கும்போது, அதன் முழு விலையையும் நீங்கள் கட்டுவதில்லை. ஒப்பந்தம் முடியும்போது அந்தக் கார் என்ன விலைக்குப் போகும் என்று லீஸ் நிறுவனம் முன்கூட்டியே மதிப்பிட்டுவிடுகிறது; அதுவரை ஏற்படும் தேய்மானத்தையும், காரில் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கான வட்டியையும்தான் உங்களிடம் வசூலிக்கிறது. காரின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 ஆண்டுகள் கழித்து அதன் எஞ்சிய மதிப்பு 52 என்று கணித்தால், தேய்மானமான 48ஐ 36 மாதங்களுக்குப் பிரிக்கும்போது மாதத்துக்கு 1.33 ஆகிறது, 6 சதவீத வட்டி என்றால், 100க்கும் 52க்கும் சராசரியான 76க்கு மாதம் 0.38 சேர்ந்து, தவணை 1.71 ஆகும். மற்றொரு காரின் எஞ்சிய மதிப்பை 40 என்று கணித்தால் இதே கணக்கில் தவணை 2.02 ஆகிவிடும். விலையும் வட்டியும் மாறாமலேயே தவணை ஏறத்தாழ 18 சதவீதம் உயர்ந்துவிடுகிறது.

மின்சாரக் கார்களில் இந்த மதிப்பீடு மிகவும் கடினமானது. பேட்டரித் தொழில்நுட்பம் வேகமாக மாறுகிறது. புதிய காரின் விலையைத் தயாரிப்பாளர் குறைத்தால், ஏற்கெனவே சாலையில் ஓடும் கார்களின் மறுவிற்பனை விலையும் அன்றே சரிந்துவிடுகிறது. 2023 ஜனவரியில் டெஸ்லா பல நாடுகளில் விலையைக் குறைத்தபோது இதுதான் நடந்தது. 2024 ஜனவரியில் வாடகைக் கார் நிறுவனமான ஹெர்ட்ஸ், சுமார் 20,000 மின்சாரக் கார்களை விற்கப்போவதாக அறிவித்ததற்குத் தேய்மானமும் ஒரு காரணம். சொந்தமாக வாங்கியவர் இந்தச் சரிவை முழுவதுமாகத் தாங்கியாக வேண்டும். எஞ்சிய மதிப்புக்கு நிறுவனமே பொறுப்பேற்கும் லீஸில் அந்தச் சுமை நிறுவனத்தின் தலையில் விழுகிறது. மின்சாரக் காருக்கு லீஸ் பொருத்தமானது என்று நான் கருதுவதற்கு முதன்மையான காரணம் இதுவே. சில ஒப்பந்தங்களில் விற்பனை நட்டத்தை வாடிக்கையாளரே ஈடுகட்ட வேண்டும் என்ற விதி இருக்கும். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் இந்த நன்மை அறவே இல்லை என்பதால், கையெழுத்திடும் முன் அந்தப் பக்கத்தைத் தேடிப்பிடித்துப் படியுங்கள்.

கேள்வி: முன்பணம் கூடுதலாகக் கட்டினால் தவணை குறையும் என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: தவணை குறையும், ஆனால் மொத்தச் செலவு அதே அளவுக்குக் குறைவதில்லை. வட்டியில் சிறிது மிச்சமாகும், அவ்வளவே. எடுத்த இரண்டாம் மாதமே கார் விபத்தில் முற்றிலும் சேதமடைந்தால், காப்பீட்டுத் தொகை காரின் உரிமையாளரான லீஸ் நிறுவனத்துக்குச் செல்லும். நீங்கள் கட்டிய முன்பணம் பெரும்பாலும் திரும்ப வராது. எனவே முன்பணத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு, காப்பீடு தரும் தொகைக்கும் ஒப்பந்த நிலுவைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை ஈடுகட்டும் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே விவேகம்.

கேள்வி: லீஸ் 3 ஆண்டுகளுக்குத்தான். அதற்காக வீட்டில் தனி சார்ஜர் பொருத்த வேண்டுமா? மாதம் எவ்வளவு மின்சாரம் செலவாகும்?

பதில்: நடுத்தர அளவுள்ள மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 18 யூனிட் வரை எடுத்துக்கொள்ளும். 16 யூனிட் என்று கொண்டால், மாதம் 1,250 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 200 யூனிட் தேவை. வீட்டு மின்சாரத்தை பேட்டரி ஏற்கும் வகைக்கு மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாவதால், மீட்டரில் சுமார் 220 யூனிட் ஏறும். கடும் குளிரிலும் நெடுஞ்சாலை வேகத்திலும் இன்னும் கூடும்.

7.4 கிலோவாட் சார்ஜர், 60 யூனிட் பேட்டரியை 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். சாதாரண 10 ஆம்பியர் பிளக்கில் 20 மணி நேரம்கூட ஆகலாம். இதைக் கேட்டதும் பலர் சார்ஜருக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் தினமும் காலிப் பேட்டரியை நிரப்புபவர் யார்? இரவு பத்து மணி நேரம் சாதாரண பிளக்கில் போட்டாலே ஏறத்தாழ 120 கிலோமீட்டருக்கான மின்சாரம் ஏறிவிடும். உங்கள் அன்றாட ஓட்டம் அதற்குள் அடங்குமானால், ஒயரிங்கையும் எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டு, முதல் சில மாதங்கள் அப்படியே ஓட்டிப் பாருங்கள்.

வீட்டிலோ அலுவலகத்திலோ சார்ஜ் செய்ய வழியே இல்லாதவர்கள், கையெழுத்திடுவதற்கு முன் அதே மாடலை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொது அதிவேக சார்ஜரில் யூனிட் விலை பெரும்பாலும் வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம். 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகமும் குறைந்துவிடும்.

கேள்வி: பேட்டரி பழுதானால் என் பொறுப்பா?

பதில்: பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள், அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவது வழக்கம். 3 ஆண்டு லீஸ் இதற்குள் அடங்கிவிடுவதால் இயல்பான தேய்வை நினைத்து நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. அடிப்பகுதியில் கல்லோ வேகத்தடையோ மோதி பேட்டரியின் உறை நசுங்கினால் அது வேறு. உத்தரவாதம் அதற்குப் பொருந்தாது, உங்கள் காப்பீடுதான் கைகொடுக்க வேண்டும்.

கேள்வி: காரைத் திருப்பித் தரும்போது எதிர்பாராத கட்டணம் விதிப்பார்களாமே?

பதில்: விதிப்பார்கள். அவற்றில் பெரும்பகுதி முன்பே தவிர்க்கக் கூடியது. ஒப்பந்தத்தில் 45,000 கிலோமீட்டர் என்றிருந்து நீங்கள் 52,000 ஓட்டியிருந்தால், மிகுதியான 7,000 கிலோமீட்டருக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கட்ட வேண்டும். ஓட்டம் கூடும் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே உயர்ந்த வரம்பைக் கேட்டு வாங்குவது பெரும்பாலும் மலிவு. ஓட்டாமல் விட்ட தூரத்துக்குப் பணம் திரும்பக் கிடைப்பது அரிது.

பரிசோதகர் முதலில் குனிந்து பார்ப்பது அலாய் சக்கரங்களின் விளிம்பை. நடைபாதைக் கல்லில் உரசிய வெள்ளைக் கோடுகள் அங்கேதான் இருக்கும். அடுத்து டயர். மின்சாரக் கார்கள் எடை மிகுந்தவை, கிளம்பும்போதே முழு இழுவிசை சக்கரத்துக்குப் போய்விடும் என்பதால் டயர்கள் விரைவில் தேய்கின்றன. பல நாடுகளில் 1.6 மில்லிமீட்டர் சட்டப்படியான குறைந்தபட்ச ஆழம். லீஸ் நிறுவனம் அதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். பிறகு டிக்கியைத் திறந்து சார்ஜிங் கேபிளைக் கேட்பார்கள். அது தொலைந்திருந்தால் தொகை சிறியதல்ல. காரைப் பெறும் நாளிலேயே சார்ஜிங் மூடி, சக்கரங்கள், உதிரிப் பொருட்கள் அனைத்தையும் தேதியுடன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் முன் காரின் செயலியிலிருந்து உங்கள் கணக்கை நீக்கி, சேமித்த முகவரிகளையும் அழித்துவிடுங்கள்.

கேள்வி: காலம் முடிந்ததும் அதே காரை வாங்கிக்கொள்வது லாபமா?

பதில்: வாங்கும் உரிமை உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், குறிப்பிட்ட விலையை அதே மாடலின், அதே வயதுக் கார்களின் சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். சந்தை விலை குறைவு என்றால் அந்தக் காரைக் கொடுத்துவிட்டு, வேண்டுமானால் வெளியே அதே மாதிரி ஒன்றை வாங்கலாம். சந்தை விலை அதிகம் என்றால், பேட்டரியின் நிலையைச் சர்வீஸ் மையத்தில் பரிசோதித்து அறிக்கை பெற்ற பிறகு வாங்குங்கள்.