தெளிந்தது வேறு, முடிந்தது வேறு: வீட்டு மீட் கேள்வி பதில்

தேனில் வீட்டிலேயே மீட் (தேன் மது) போடுகிறவர்கள் கடைசிக் கட்டத்துச் சந்தேகங்களை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். ஈஸ்ட் போடுவது வரை எல்லோரும் தைரியமாக இருக்கிறார்கள், அப்புறம்தான் கை நடுங்குகிறது போல. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலோர் போடுவது 4.5 லிட்டர் ஜாரில், சுமார் ஒன்றரைக் கிலோ தேன். அளவுகளை அதை வைத்தே சொல்கிறேன்.

லண்டனிலிருந்து: அக்கா, போட்டு ஆறு வாரம் ஆகிறது. ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி) குமிழி நின்றுவிட்டது, மேல்பாதி நன்றாகத் தெளிந்தும் விட்டது. பாட்டிலில் அடைத்துவிடலாமா?

ஹைட்ரோமீட்டர் (தண்ணீரை 1.000 என்று வைத்துத் திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவை) என்ன காட்டுகிறது என்று எழுதவே இல்லையே! குமிழி நின்றதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மூடி வழியாகக் காற்று கசிந்தாலும் நிற்கும், அறை குளிர்ந்தாலும் நிற்கும். வெயில் ஏறினால் முடிந்துபோன மீட்கூடக் குமிழி விடும், உள்ளே கரைந்திருக்கும் வாயு வெளியே வரும், அவ்வளவுதான். தெளிவையும் நம்ப வேண்டாம். குளிரில் ஈஸ்ட் சோர்ந்து அடியில் படிந்தால் சர்க்கரை பாதி மிச்சம் இருக்கும்போதே மேலே கண்ணாடி மாதிரி தெரியும்.

உங்கள் அளவுக்குத் தொடக்க அளவீடு 1.100 அருகே இருந்திருக்கும். முழுவதும் நொதித்தால் 1.000 அல்லது அதற்குச் சற்றுக் கீழே வந்து, 13 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். இன்று ஒரு தடவை அளந்து எழுதிவையுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி அளங்கள். எண் அசையவில்லை, அதுவும் 1.000 பக்கம் நிற்கிறது என்றால் முடிந்தது. 1.030இல் அசையாமல் நின்றால் அது முடிவல்ல, பாதி வழியில் படுத்துக்கொண்டது. ஜாரை இளஞ்சூடான இடத்துக்கு மாற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டை மெதுவாகச் சுழற்றிக் கிளப்பிப் பாருங்கள்.

ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆல்கஹால் சேர்ந்த பிறகு அது காட்டும் எண் அப்படியே சரியாக இருக்காது. தொடக்கத்துக்கு அது, முடிவுக்கு ஹைட்ரோமீட்டர்.

ஸ்கார்பரோவிலிருந்து: அடியில் படியும் வண்டலை விட்டு வேறு ஜாருக்கு எத்தனை தடவை மாற்ற வேண்டும்? மாதம் ஒரு தடவை என்று ஒருவர் சொன்னார்.

மாதம் ஒரு தடவை மாற்றினால் வண்டலும் இருக்காது, மீட்டும் இருக்காது. ஒவ்வொரு முறையும் அடியில் கொஞ்சம் போகும், உள்ளே காற்றும் சேரும். காற்றுப் பட்ட மீட் நிறம் கறுத்து, ஈர அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். அதைத் திருப்ப வழியில்லை.

எனக்கு இரண்டு தடவை போதும், பழம் போட்டிருந்தால் மூன்று. நொதிப்பு முடிந்து, அடியில் கெட்டியான படிவு உட்கார்ந்ததும் முதல் தடவை. தெளிந்து, மெல்லிய இரண்டாம் படிவு சேர்ந்ததும் அடுத்தது. செத்த ஈஸ்ட்டின் மேல் ஓரிரு மாதம் கிடந்தால் கெட்டுவிடும் என்ற பயம் ஜார் அளவுக்குத் தேவையில்லை.

மாற்றுவதில் முக்கியமானது ஊற்றாமல் இருப்பது. முந்தின நாளே ஜாரை மேசைமேல் தூக்கி வைத்துவிடுங்கள். அன்றைக்குத் தூக்கினால் கலங்கும். ஆட்டோ சைஃபன் குழாயின் நுனி படிவுக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். மறுமுனை கீழ் ஜாரின் அடித்தளத்தைத் தொட வேண்டும். மேலிருந்து கொட்டிச் சளசளக்கக் கூடாது. கடைசி அரை அங்குலத்துக்கு ஆசைப்படாதீர்கள். மனம் கேட்காவிட்டால் அதை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாளில் மேலே தெளிந்ததைக் குடித்துப் பார்க்கலாம்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: மாற்றிய பிறகு ஜாரில் கழுத்துக்குக் கீழே நாலு அங்குலம் காலியாக இருக்கிறது.

நொதிக்கும்போது அந்த இடம் தேவை, முடிந்த பிறகு அது எதிரி. சிறிய ஜார் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் வேறு மீட் ஊற்றி நிரப்பலாம், அல்லது கிருமி நீக்கிய கண்ணாடிக் கோலிகளைப் போட்டு மட்டத்தை ஏற்றலாம். தண்ணீர் ஊற்றினால் நீர்த்துப்போகும், கால் லிட்டருக்குள் என்றால் நாக்குக்குத் தெரியாது.

மெல்பர்னிலிருந்து: மூன்று மாதம் ஆகியும் பழச்சாறு மாதிரி கலங்கலாகவே இருக்கிறது அக்கா. கெட்டுவிட்டதா?

வாசம் நன்றாக இருந்தால் கெடவில்லை. எத்தியோப்பியாவில் கெஷோ இலை போட்டுச் செய்யும் தேஜ் என்ற தேன் மது கலங்கலாகத்தான் பரிமாறப்படுகிறது, யாரும் குறை சொல்வதில்லை. கலங்கல் கண்ணுக்குத்தான் குறை. ஆனாலும் தெளிந்த மீட்டில் ஈஸ்ட்டின் கசப்பு குறைவு, பாட்டிலின் அடியில் சேறும் சேராது. ஆகவே தெளிய வைப்பது வீண்வேலை இல்லை.

எதனால் கலங்கல் என்று முதலில் பார்க்க வேண்டும். ஆப்பிள், பிளம் மாதிரிப் பழம் போட்டிருந்தால், அதிலும் வேகவைத்துப் போட்டிருந்தால், அது பெக்டின். எத்தனை மாதம் வைத்தாலும் தானாக இறங்காது. பெக்டிக் என்சைம் போட வேண்டும். ஆல்கஹால் ஏறிய பிறகு அது மந்தமாக வேலை செய்யும், அதனால் அடுத்த தடவை தொடக்கத்திலேயே போடுங்கள்.

வெறும் தேன்தான் என்றால் மூன்று காரணம் இருக்கலாம்: மிதக்கும் ஈஸ்ட், தேனில் வந்த புரதமும் மகரந்தமும், கரைந்து நிற்கும் கரியமில வாயு. வாயுவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நுண்குமிழிகள் துகள்களைத் தூக்கிக்கொண்டே இருக்கும், எதைப் போட்டாலும் இறங்காது. ஆகவே நொதிப்பு முடிந்ததும், மேலே காற்றை இழுக்காத விதமாகக் கிளறி வாயுவை வெளியேற்றுங்கள்.

அதன்பின் குளிர். ஃபிரிட்ஜில் இடம் இருந்தால் இரண்டு வாரம் 2 முதல் 4 டிகிரியில் வையுங்கள். ஈஸ்ட் கலங்கல் பெரும்பாலும் அதிலேயே அடங்கும். அதற்கும் அடங்காவிட்டால் தெளிவிப்பான். இங்கே மின்னூட்டம்தான் கணக்கு. பென்டோனைட் களிமண் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒயின், மீட் போன்ற புளிப்பில் புரதம் நேர்மின்னூட்டம், அதனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு இறங்கும். ஈஸ்ட்டின் மேற்புறமோ எதிர்மின்னூட்டம். அதைப் பிடிக்க ஸ்பார்கலாய்ட், கைட்டோசான், ஜெலட்டின் போல நேர்மின்னூட்டம் உள்ளது வேண்டும். எதனால் என்று தெரியாவிட்டால் முதலில் பென்டோனைட், ஒரு வாரம் கழித்து ஸ்பார்கலாய்ட்.

பென்டோனைட் லிட்டருக்கு அரை முதல் ஒரு கிராம் போதும். தூளை அப்படியே கொட்டக் கூடாது. சுடுதண்ணீரில் தூவிக் கலக்கி, ஓர் இரவு ஊறவிட்டு, குழம்பாக ஊற்றுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: வாயு நிறைந்த மீட்டில் உலர்ந்த தூள் விழுந்தால் நொடியில் பொங்கி, கூரை வரை போகும். வாயு நீக்காமல் எதையும் போடாதீர்கள்.

தெளிந்ததா என்று பார்க்க, இருட்டில் ஜாரின் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். ஒளிக்கற்றை உள்ளே பட்டையாகத் தெரிந்தால் இன்னும் துகள் இருக்கிறது.

பர்மிங்ஹாமிலிருந்து: நாங்கள் சைவம். தெளிவிப்பானில் மாமிசம் இருக்குமா?

சிலவற்றில் இருக்கும். ஜெலட்டின் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து வருவது. ஐசிங்கிளாஸ் மீனின் காற்றுப்பை. கைட்டோசான் பெரும்பாலும் இறால், நண்டு ஓடு, பூஞ்சையிலிருந்து எடுத்ததும் உண்டு, பாக்கெட்டைப் படியுங்கள். பென்டோனைட் களிமண், கீசல்சால் சிலிக்கா, ஸ்பார்கலாய்ட் கடற்பாசிப் பொருளும் டயட்டம் மண்ணும் சேர்ந்தது. இவை மூன்றும் உங்களுக்கு ஒத்துவரும்.

நியூ ஜெர்சியிலிருந்து: எண் 0.998க்கு வந்துவிட்டது, வறவறவென்று இருக்கிறது. கொஞ்சம் தேன் கலந்து பாட்டிலில் அடைக்கலாமா?

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே கலந்து அடைத்தால் பாட்டில் வெடிக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். 4 லிட்டரில் 140 கிராம் தேன் கலந்தால் எண் 10 புள்ளி (0.010) ஏறும், லேசான இனிப்பு, பெரிய விஷயமில்லை என்று தோன்றும். ஆனால் அது லிட்டருக்குச் சுமார் 27 கிராம் சர்க்கரை. ஈஸ்ட் மறுபடி விழித்து அதைத் தின்றால் லிட்டருக்கு 13 கிராம் கரியமில வாயு உண்டாகும். ஷாம்பெயினில் இருப்பதே 12 கிராம் அளவுதான், அதற்காகத்தான் அந்தப் பாட்டில் அவ்வளவு தடிமன். சாதாரண ஒயின் பாட்டில் அதைத் தாங்காது. கார்க் தெறித்தால் உங்கள் அதிர்ஷ்டம், கண்ணாடி சிதறினால் கண் போகும்.

எனவே வரிசை இதுதான். முதலில் முடியட்டும், பிறகு தெளியட்டும், ஈஸ்ட் எண்ணிக்கை குறையக் குறைய மருந்து நன்றாக வேலை செய்யும். தெளிவைப் புது ஜாருக்கு இறுத்து, 4.5 லிட்டருக்கு ஒரு கேம்ப்டன் மாத்திரையை (இதுதான் சல்ஃபைட்) பொடித்துப் போடுங்கள். கூடவே பொட்டாசியம் சார்பேட் லிட்டருக்குக் கால் கிராம். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். சார்பேட் ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும், அவ்வளவே. சல்ஃபைட் இல்லாமல் சார்பேட் மட்டும் போட்டு, லாக்டிக் பாக்டீரியா புகுந்தால், கசக்கிய ஜெரேனியம் இலை வாசம் வரும், அதை எதனாலும் நீக்க முடியாது. நொதித்துக்கொண்டிருக்கும் மீட்டை இந்த இரண்டும் நிறுத்தாது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒரு நாள் விட்டு, தேனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ருசி பாருங்கள். தெளிந்த மீட் புதுத் தேன் பட்டதும் மறுபடி கலங்கும், பதறவேண்டாம். மூன்று வாரம் ஏர்லாக்கோடு வைத்து, எண் அசையவில்லை என்று பார்த்துவிட்டு அடையுங்கள். வீட்டில் ஆஸ்துமாவோ சல்ஃபைட் ஒவ்வாமையோ இருந்தால் லேபிளில் எழுதிவையுங்கள்.

எடின்பரோவிலிருந்து: மருந்து வேண்டாம், சூடாக்கிக் கொன்றுவிடலாம் அல்லவா?

கொல்லலாம். பாட்டில்களைப் பாத்திரத்துத் தண்ணீரில் வைத்து, உள்ளே 60 முதல் 65 டிகிரி வந்து, பத்துப் பதினைந்து நிமிடம் நின்றால் ஈஸ்ட் சாகும். பூ வாசம் கொஞ்சம் போகும், பாட்டில் விரிசல் விடுவதும் உண்டு. வாயு நிறைந்த பாட்டிலில் ஒருபோதும் செய்யாதீர்கள். எனக்குப் பிடித்த வழி இல்லை.

டொராண்டோவிலிருந்து: பொங்கும் மீட் வேண்டுமென்றால்?

அதற்குச் சார்பேட் போடாத, முழுதும் முடிந்த, 7 சதவீதம் போல மெலிசான மீட் எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் சர்க்கரை, நிறுத்துப் போடுங்கள், ஸ்பூன் கணக்கு வேண்டாம். பீர் பாட்டில், கிரவுன் மூடி. ஒயின் பாட்டில் கூடவே கூடாது.

கார்க்கா, திருகு மூடியா? கிருமி நீக்க வெந்நீர் போதுமா? (பலர்)

ஒரு வருடத்துக்குள் குடித்துவிடுவீர்கள் என்றால் திருகு மூடியோ ஸ்விங் டாப்போ (கம்பிப் பூட்டு மூடி) போதும். நீண்ட நாள் என்றால் 9ஆம் எண் கார்க்கும் தரையில் நிறுத்தும் கார்க்கரும். கையால் சுத்தியல் வைத்து அடிக்கும் சாதனத்தை வாங்காதீர்கள், வாங்கியவர்கள் எல்லோரும் பரணில் போட்டிருக்கிறார்கள். அடைத்த பின் மூன்று நாள் நிமிர்த்தி வைத்து, பிறகு படுக்க வையுங்கள்.

வெந்நீர் அழுக்கைப் போக்கும், அது கிருமி நீக்கம் ஆகாது. ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கி லிட்டருக்கு ஒன்றரை மில்லி, இரண்டு நிமிடம் நனைந்தால் போதும், அலச வேண்டியதில்லை. நுரை இருந்தால் இருக்கட்டும், அதன்மேலேயே ஊற்றலாம். 4.5 லிட்டர் ஜாரில் ஐந்து பாட்டில் வந்தால் நன்றாக மாற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஓஸ்லோவிலிருந்து: அடைத்து ஒரு மாதம். தொண்டையில் எரிகிறது.

என்ன ஈஸ்ட், என்ன வெப்பம்? டி47 என்ற ஈஸ்ட் வகை என்றால் 20 டிகிரிக்கு மேல் போனால் அந்த எரிச்சல் வரும். ஆறு மாதத்தில் கொஞ்சம் தணியும், ஒரு வருடத்தில் இன்னும். போலந்தில் ஒரு பங்கு தேனுக்கு அரைப் பங்கு தண்ணீர் சேர்க்கும் புவுத்தோராக் என்ற வகையைக் குறைந்தது மூன்று வருடம் முதிர வைக்கிறார்கள். நீங்கள் ஒரு மாதத்தில் திறந்துவிட்டு என்னிடம் வருகிறீர்கள்!

மதுரையிலிருந்து: அக்கா, நானும் போடலாமா?

கூடாது தம்பி. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் சொந்த உபயோகத்துக்கு, விற்காமல், அனுமதி உண்டு. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 200 கேலன் வரை விடுகிறது. காய்ச்சி வடிப்பது மட்டும் அங்கும் கூடாது.

பழைய ஒயின் பாட்டிலில் லேபிள் உரியவே மாட்டேன் என்கிறது.

சலவைச் சோடா கலந்த வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காகிதம் காலையில் வழுக்கிக்கொண்டு வரும். பிசின் மிச்சமிருந்தால் சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டு தடவை கழுவுங்கள்.