உறைந்த ஏரியில் ஐஸைத் துளைத்துப் பெரிய டிரவுட் மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள, கூட வந்து வழிகாட்டும் கைடு அவசியமா? வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா?

தூண்டில் போட மட்டும் என்றால் வீடியோவே ஏறக்குறையப் போதும். ஏரி மேல் நடக்கப் போதாது. நான் மூன்று குளிர்காலங்களில் ஐந்து தடவை கைடுகளோடு போய்விட்டு, நாலாவது வருஷம்தான் ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். ஒற்றை ஆளாக இன்றுவரை போனதில்லை.

முதல் நாள் காலையில் கைடு என் கையில் தூண்டிலைத் தரவில்லை, கனமான கடப்பாரை ஒன்றைத் தந்தார். இரண்டு அடி நடப்பதற்கு ஒருமுறை முன்னால் ஓங்கிக் குத்த வேண்டும். ஒரே குத்தில் தண்ணீர் எட்டிப் பார்த்தால், வந்த வழியிலேயே திரும்ப வேண்டும். கெட்டியான ஐஸ் ‘ணங்’ என்று கையை உதறும். மோசமான ஐஸ் ‘தொப்’ என்று வாங்கிக்கொள்ளும். எந்தக் காணொளியிலும் இந்த வித்தியாசம் கைக்கு வராது. தெளிவாக, கறுப்பாகத் தெரியும் ஐஸ் என்றால் ஒரு ஆள் நடக்கக் குறைந்தது 10 செ.மீ. கனம் வேண்டும். பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்கு 15 செ.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது. பனி நனைந்து மறுபடி உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பலம் பாதிதான். அதனால் கணக்கை இரட்டிப்பாக்க வேண்டும். ஏரி முழுக்க ஒரே கனம் இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஓடை வந்து சேரும் வாய், இரண்டு தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் நெருங்கும் இடம், அடியில் ஊற்று இருக்கும் இடம் எல்லாம் பத்தடி தள்ளினாலே வேறு கதை.

கழுத்தில் இரண்டு கூரான கைப்பிடி ஆணிகளைத் தொங்கவிட்டுக்கொள்ளச் சொன்னார். விழுந்தால் அவற்றை ஐஸில் குத்தி, காலை உதைத்து, வந்த பக்கமாகவே ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு போக வேண்டும். மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 கணக்கு ஒன்று உண்டு. குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சிரைப்பை அடக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம்தான், உடல் குளிர்ந்து நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். அதாவது பதறாமல் இருந்தால், நினைப்பதைவிட அவகாசம் அதிகம்.

ஐஸ் போடும் சத்தத்தையும் சொல்ல வேண்டும். வெப்பநிலை மாறும்போது அது விரிந்து சுருங்கும். காலுக்கடியில் இடி இடிப்பதுபோல் ஓர் ஓசை ஏரியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடும். முதல் தடவை கேட்டபோது நான் கரையை நோக்கி ஓட்டம் எடுத்தேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

இனி மீன். நாங்கள் தேடிப் போவது லேக் டிரவுட். டிரவுட் என்று சொல்கிறோமே தவிர அது சால்மன் குடும்பத்தின் சார் (char) வகையைச் சேர்ந்தது. குளிர்ந்த நீர்தான் அதற்கு வீடு. கோடையில் அந்தக் குளிர்ச்சியைத் தேடி ஆழத்துக்குப் போய்விடும். குளிர்காலத்தில் ஐஸை ஒட்டி 0 டிகிரி, ஆழத்தில் 4 டிகிரி வரை என்று ஏரி முழுவதுமே அதற்கு ஏற்றதாகிவிடுகிறது. எனவே அடியிலும் இருக்கும், ஐஸுக்குச் சற்றுக் கீழேயும் திரியும். ஒலி அனுப்பி அடியில் இருப்பதைத் திரையில் காட்டும் சோனார் இல்லாமல் இந்த மீனைத் தேடுவது பெரும்பாலும் குருட்டாம்போக்குதான்.

திரையில் நம் தூண்டில் ஒரு கோடு, மீன் இன்னொரு கோடு. மீனின் கோடு நெருங்கியதும் ‘வந்து சாப்பிடட்டும்’ என்று நான் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டேன். மீன் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நான்கு மீன்கள் இப்படிப் போயின. கைடு, “சுற்று, சுற்று!” என்று கத்தினார். பெரிய மீனைப் பார்த்த சின்ன மீன் அசையாமல் நிற்குமா, ஓடத்தானே செய்யும்? தூண்டில் நரம்பைச் சுற்றி மேலே இழுத்தால், டிரவுட்டின் கோடும் கூடவே ஏறிவரும். நெருங்க நெருங்க வேகத்தைக் கூட்ட வேண்டும். தலைக்குப் புரிந்தது கைக்குப் புரிய எனக்கு மூன்றாவது பயணம் ஆயிற்று.

கைடிடமிருந்து கறக்க வேண்டிய விஷயம் இதுவும் இல்லை. நல்ல கைடு காலையிலேயே ஏரியடி மேட்டிலிருந்து ஆழம் நோக்கி ஐஸில் வரிசையாகப் பத்து இருபது துளை போட்டுவிடுவார். ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் இருந்துவிட்டுக் கிளம்புவார். மீன் பிடித்த துளையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் அவர் விட்டுக் கிளம்பிய துளைகளைப் பற்றிக் கேளுங்கள். எனக்குக் கிடைத்த பதில்கள் இப்படி இருந்தன: மீன் வந்து பார்த்துத் துரத்தாமல் போனால் தூண்டிலை மாற்று, துளையை மாற்றாதே. திரையில் எதுவுமே தெரியாவிட்டால் துளையை மாற்று. இரை மீன்கள் மேகம்போல் திரண்டு நின்றால், டிரவுட் தெரியாவிட்டாலும் கொஞ்சம் பொறு.

எல்லாக் கைடுகளும் இப்படிச் சொல்லித் தருவதில்லை. ஒருவர் எங்களைச் சூடான குடிலில் உட்காரவைத்து, தயாராகக் கட்டிய தூண்டிலை நீட்டி, மீன் மாட்டியதும் வாங்கித் தானே இழுத்தார். நான்கு மீன் கிடைத்தது, கற்றது ஒன்றுமில்லை. பதிவு செய்யுமுன், “துளை நான் போடலாமா, சோனாரை நான் பார்க்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். குடிலுக்குள் ஹீட்டர் எரிந்தால் காற்று வர வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. லைசென்ஸ், ஒருவருக்கு எத்தனை தூண்டில், எந்த அளவு மீனை வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் ஏரிக்கு ஏரி மாறும்.

பெரிய மீனைத் தவறவிடுவது பெரும்பாலும் கடைசி இரண்டு மீட்டரில்தான். துளைக்கு அடியில் அது வட்டமடிக்கும், நரம்பு ஐஸின் விளிம்பில் உரசி அறுந்துபோகும். அந்த நேரத்தில் கோலின் நுனியைத் துளைக்குள் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும். நான் கோலை உயர்த்திப் பிடித்தேன். என் வாழ்நாளின் பெரிய மீன் அப்படித்தான் போயிற்று.

ஆழத்திலிருந்து வரும்போது துளையில் நீர்க்குமிழிகள் வருவதைப் பார்க்கலாம். இந்த மீனால் காற்றுப்பையிலுள்ள காற்றை வாய் வழியாக வெளியேற்ற முடியும். அதனால் விட்டால் திரும்ப ஆழத்துக்குப் போக அதற்கு வாய்ப்பு அதிகம். கடுங்குளிரில் செவுளும் கண்ணும் வெகுசீக்கிரம் உறையும் என்பதால் கேமராவைத் தயாராக வைத்த பிறகே தூக்குங்கள். 1995-இல் கனடாவின் கிரேட் பேர் ஏரியில் பிடிபட்ட ஒரு லேக் டிரவுட் 72 பவுண்டு, அதாவது சுமார் 33 கிலோ. அத்தனை பெரிதாக வேண்டாம், பத்துக் கிலோ மீன்கூடக் குளிர் ஏரிகளில் பல பத்தாண்டுகள் வாழ்ந்ததாக இருக்கலாம். நான் பெரியவற்றை விட்டுவிடுகிறேன்.

ஐந்தாவது பயணத்தில் கைடு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, துளைகளை என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஐந்தாவது துளையில் நாற்பது நிமிடம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “இன்னும் ஏன் இங்கேயே இருக்கிறீர்கள்?” என்றார். சொல்லக் காரணம் எதுவும் இல்லை. துளை போடும் ஆகரைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.