பரலோகத்தை நம்புகிறேன், ஆனால் இங்கே எந்தப் பக்கம் போவது?

கேள்வி: எனக்கு வயது 36. மரணத்துக்கு அப்புறம் கர்த்தரோடு இருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதுவரைக்கும் இந்த வாழ்க்கை எதற்கு என்றுதான் தெரியவில்லை. பதவி உயர்வு வந்திருக்கிறது. ஏற்றுக்கொண்டால் வேறு ஊருக்குப் போக வேண்டும். இங்கே உடம்பு முடியாத அப்பா இருக்கிறார். எது தேவசித்தம் என்று ஜெபித்தும் பதில் இல்லை. சீக்கிரம் பரலோகம் போய்விட்டால் நல்லது என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. அந்த நம்பிக்கை எனக்கு எப்படி வழிகாட்டும்?

பதில்: சகோதரி, எந்த வேலை, எந்த ஊர் என்பதைப் பரலோக நம்பிக்கை நேரடியாகச் சொல்லாது. அப்படி ஒரு பதிலுக்குக் காத்திருந்தே பலர் வருடக்கணக்கில் எதிலும் கால் ஊன்றாமல் இருந்துவிடுகிறார்கள். எது வீணாகாது என்பதைத்தான் அந்த நம்பிக்கை காட்டும். அது பிடிபட்டுவிட்டால் ஊரையும் வேலையையும் நீங்களே யோசித்துத் தீர்மானிக்கலாம். அந்தச் சுதந்திரத்தைத் தேவனே தந்திருக்கிறார்.

வேதாகமத்தில், கொரிந்து சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதமான 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள். 58 வசனங்களும் உயிர்த்தெழுதலைப் பற்றியவை. கடைசி எக்காளம், அழியாமை, மரணம் ஜெயமாக விழுங்கப்படுவது என்று பவுல் உயர உயரப் போய்க்கொண்டே இருக்கிறார். முடிவில் "ஆகையால்" என்று தொடங்கி அவர் வந்து நிற்கும் இடம், "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது" என்பது. பரலோகத்தைக் காட்டிவிட்டு நேராக நம் உழைப்புக்கு வருகிறார். அதற்கு அடுத்த வரி என்ன தெரியுமா? எருசலேமில் உள்ள விசுவாசிகளுக்காகப் பணம் சேர்க்கும் விஷயம். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வையுங்கள், யாரைத் தகுதியானவர்கள் என்று நீங்கள் சொல்லுகிறீர்களோ அவர்களிடம் அதைக் கொடுத்தனுப்புவேன் என்கிறார். அவர் எழுதியபோது அதிகாரப் பிரிவு கிடையாது. எக்காளத்துக்கும் காணிக்கைக்கும் நடுவே ஒரு இடைவெளிகூட இல்லை.

அப்புறம் தன் பயணத் திட்டத்தைச் சொல்கிறார். மக்கெதோனியா வழியாக வருவேன், ஒருவேளை மழைகாலம் முடியும்வரை உங்களிடம் தங்குவேன், கர்த்தர் உத்தரவு கொடுத்தால் பார்க்கலாம் என்கிறார். இப்போதைக்கு எபேசு பட்டணத்தில் பெந்தெகொஸ்தே பண்டிகை வரை இருக்கிறார். காரணம், அங்கே ஊழியத்துக்குக் கதவு திறந்திருக்கிறது, எதிர்ப்பவர்களும் நிறையப் பேர். இதில் "ஒருவேளை" என்ற சொல்லைக் கவனியுங்கள். உயிர்த்தெழுதலில் துளியும் தயங்காதவர், அடுத்த சில மாதங்களைப் பற்றி ஒருவேளை என்றுதான் எழுதுகிறார். பின்னால் திட்டத்தை மாற்றவும் செய்தார். நான் என்ன நிலையில்லாத புத்தியுள்ளவனா என்று 2 கொரிந்தியர் 1ஆம் அதிகாரத்தில் அவர் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. ஆகவே நாளை என்ன என்ற தெளிவு இல்லாததை விசுவாசக் குறைவு என்று எண்ணிக் கலங்காதீர்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பதவி உயர்வு என்றால் உலக ஆசை, அப்பாவோடு இருந்தால் ஆவிக்குரிய வாழ்க்கை என்று அவசரமாகக் கோடு போடாதீர்கள். "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற கொலோசெயர் 3:23 யாருக்கு எழுதப்பட்டது என்று முந்தின வசனத்தில் பாருங்கள். அடிமைகளுக்கு. வேலையைத் தெரிந்துகொள்ளும் உரிமையே இல்லாதவர்களின் உழைப்புக்கும் பரலோகத்தில் பலன் உண்டு என்கிறார் பவுல். அலுவலக வேலையும் கர்த்தருடைய வேலையாகலாம். அதே சமயம், தேவனுக்குக் காணிக்கை என்று சாக்குச் சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார் என்பதும் மாற்கு 7இல் இருக்கிறது.

என் அபிப்பிராயத்தையும் சொல்கிறேன். அப்பாவின் அன்றாடப் பராமரிப்புக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை என்றால், இருங்கள். இந்தப் பதவி கைவிட்டுப் போனால் எல்லாம் போயிற்று என்று பயப்படவேண்டியதில்லை. கிடைக்கவேண்டிய எல்லாவற்றையும் இந்த ஒரு ஆயுசுக்குள் பிடித்தாகவேண்டிய கட்டாயம் பரலோகத்தை நம்புகிறவருக்கு இல்லை. கூடப்பிறந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அதிகச் சம்பளம் சிகிச்சைக்கு உதவும், அப்பாவுக்கும் சம்மதம் என்றால் போகலாம், குற்றவுணர்வு வேண்டாம். தீர்மானிக்கும் முன் அப்பாவிடம் மனம்விட்டுப் பேசுங்கள். பதவியைச் சில மாதம் தள்ளிப்போட வழியுண்டா என்று அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு தேதி குறித்துக்கொண்டு, அதற்குள் ஜெபித்து முடிவெடுங்கள். எடுத்தபின் திரும்பத் திரும்பக் கிளறாதீர்கள்.

கடைசியாக, சீக்கிரம் பரலோகம் போய்விட்டால் நல்லது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியைத்தான் நான் அதிகம் யோசித்தேன். பவுலுக்கும் கிறிஸ்துவுடனேகூட இருக்க ஆசை இருந்தது. பிலிப்பியர் 1இல் அதைச் சொன்ன கையோடு, நான் சரீரத்தில் தரித்திருப்பது உங்களுக்கு அதிக அவசியம் என்கிறார். அந்த ஆசை அவரை மற்றவர்கள் பக்கம் திருப்பியது. பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எலியாவின் நிலை வேறு. சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்டார். அது களைப்பிலும் பயத்திலும் வந்த வார்த்தை. தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார், தூதன் எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டார். உங்களுக்கு வருவது இரண்டில் எது என்று உங்களுக்குத்தான் தெரியும். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதென்றால், ஊர், வேலை பற்றிய முடிவெல்லாம் கொஞ்சம் காத்திருக்கட்டும். இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜெபமும் சிகிச்சையும் சேர்ந்தே போகலாம்.