“இல்லை என்று போடு”

கேள்வி: அக்கா, எனக்கு வயது 46, லண்டன் ஹரோவில் இருக்கிறேன். போன வருடம் 30 மைல் வீதியில் 37 மைலில் போய்க் கமராவில் பிடிபட்டேன். அதற்கு முந்தைய வருடமும் பிடிபட்டு வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போனதால் இந்தமுறை வகுப்புத் தரவில்லை. 100 பவுண் தண்டமும் லைசென்ஸில் 3 தண்டனைப் பொயின்ட்ஸும் விழுந்தன. இரண்டு மாதத்துக்கு முன் கார் இன்சூரன்ஸ் புதுப்பித்தோம். எனக்கு ஆங்கிலம் மட்டுமட்டு என்பதால் படிவங்களை 16 வயது மகள்தான் நிரப்புவாள். “பொயின்ட்ஸ் வந்ததே, அப்பா?” என்று கேட்டாள். “இல்லை என்று போடு” என்றேன். 640 பவுணோடு முடிந்தது. இப்போது வேலையிடத்தில் ஒருவர், கம்பனிக்குத் தெரிந்தால் பெரிய பிரச்சினை என்கிறார். சொல்லிவிடுவதா? 4 வருடத்தில் பொயின்ட்ஸ் தானாக அழிந்துவிடும்தானே, பேசாமல் இருப்பதா? இதனால் ஒருவருக்கும் நட்டமில்லை.

— ஒரு தகப்பன், ஹரோ

பதில்: தம்பி, கம்பனி பிறகு வரட்டும். முதலில் மகளைப் பற்றிக் கதைப்போம்.

அவள் கேட்ட கேள்வியைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. கடந்த 5 வருடத்தில் உங்களுக்கு வாகனக் குற்றமோ பொயின்ட்ஸோ உண்டா என்று திரையில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. பிள்ளை அதை வாசித்திருக்கிறாள், போன வருடம் வீட்டுக்கு வந்த கடிதம் ஞாபகம் வந்திருக்கிறது, டிக் போடாமல் நிறுத்திவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். பதினாறு வயதில் அப்படி ஒரு கவனம் எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கும்? அந்தக் கவனத்துக்கு நீங்கள் கொடுத்த கூலி “இல்லை என்று போடு”. பொய் உங்களுடையது. அதை அழுத்திய விரல் அவளுடையது.

இந்த நாட்டில் நம் பிள்ளைகள் தாய்தகப்பனின் வாயாகவும் கண்ணாகவும்தான் வளர்கிறார்கள். கவுன்சில் வரிக் கடிதம், வங்கிக் கடிதம், டொக்டரிடம் நேரம் எடுப்பது, எல்லாம் அவர்கள் தலையில். ஒருமுறை ஒரு டொக்டரின் சேர்ஜரியில் பார்த்தேன். பத்துப் பதினொரு வயதுப் பையன் ஒருவன் வரவேற்பு மேசைக்கு முன் நின்று தாயின் வருத்தத்தை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். தாய் காதுக்குள் ஏதோ சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. ஜக்கெட்டின் சிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி அதையும் சொல்லி முடித்தான். மொழி தெரியாத பெற்றோருக்கு வேறு வழியில்லாத நேரங்கள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுமைக்குள் உங்கள் பொய்யையும் சேர்த்துக் கட்டி அவள் தலையில் ஏற்ற உங்களுக்கு உரிமை இல்லை. பிள்ளை உதவி செய்ய வந்தால் அவளுக்கு வெட்கம் வராமல் பார்த்துக்கொள்வது தகப்பனின் கடமை. இதில் என்னிடம் இரண்டு பேச்சு கிடையாது.

சரி, சட்டத்துக்கு வருவோம். அங்கேயும் அவள் கேட்ட கேள்விதான் உங்கள் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது.

பிரித்தானியாவில் 2012இல் நிறைவேறி 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் ஒன்று இருக்கிறது. கம்பனி கேட்கும் கேள்விக்குப் பிழையான தகவல் கொடுக்காமல் நியாயமான கவனம் எடுப்பது உங்கள் பொறுப்பு என்கிறது அது. பிழையான பதில் கொடுத்தால், அது கவனக்குறைவா, தெரிந்தே செய்ததா என்று பிரித்துப் பார்க்கிறது. கவனக்குறைவு என்றால், உண்மை தெரிந்திருந்தால் கூடுதலாகக் கேட்டிருப்போம் என்ற அளவுக்குக் கம்பனி இழப்பீட்டைக் குறைக்கலாம். நீங்கள் கட்டியது 640, உண்மையைச் சொல்லியிருந்தால் 800 கேட்டிருப்பார்கள் என்று வையுங்கள். 5,000 பவுண் நட்டத்துக்கு 4,000 கைக்கு வரும். தெரிந்தே சொன்ன பொய் என்றால் கதை வேறு. அந்தக் காப்புறுதியே தொடக்கத்திலிருந்து இல்லை என்று ஆக்கலாம், இழப்பீடு தர மறுக்கலாம், நீங்கள் கட்டிய காசையும் பொதுவாகத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். இன்சூரன்ஸ் எடுப்பதற்காகப் பொய்த் தகவல் கொடுப்பது தனியாக ஒரு குற்றமும்கூட.

“மறந்துவிட்டேன்” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், சிலர் உண்மையாகவே மறந்தவர்கள். உங்களுக்கு அந்த வாசல் இல்லை. உங்கள் மகள் ஞாபகப்படுத்தினாள்.

வீட்டுக்குள் நடந்தது கம்பனிக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த நாளை நினைத்துப் பாருங்கள். விபத்து நடந்து, கம்பனிக்காரர் போனில் கேட்கிறார்: “இந்தப் படிவத்தை நிரப்பியது யார்?” நீங்கள் என்ன சொல்வீர்கள்? “மகள்தான், சின்னப்பிள்ளை, அவளுக்கு விளங்கவில்லை” என்றுதான் வாயில் வரும். வீட்டில் உண்மையை ஞாபகம் வைத்திருந்த ஒரே ஆளின் மேல் பழியைப் போடுவீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் நின்று அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவளும் அவளாகத்தான் இருப்பாள். அதனால்தான் தம்பி, இவ்வளவு கோபம் எனக்கு.

பொயின்ட்ஸ் விஷயம் மறைந்து கிடக்கப்போவதும் இல்லை. லைசென்ஸ் இலக்கத்தை வைத்து, லைசென்ஸ் கொடுக்கும் அரச நிறுவனமான டி.வி.எல்.ஏயின் பதிவைப் பார்க்கும் வசதி 2014இலிருந்து கம்பனிகளுக்கு இருக்கிறது. புதுப்பிக்கும்போது பார்க்காதவர்களும் இழப்பீடு என்று கேட்டுப் போனால் பார்ப்பார்கள். நீங்கள் நம்பியிருக்கும் 4 வருடக் கணக்கும் உதவாது. வேகக் குற்றத்துக்கான பொயின்ட்ஸ் லைசென்ஸில் 4 வருடம் இருக்கும் என்பது சரி. கம்பனிகள் பொதுவாகக் கேட்பது 5 வருடக் கதையை. லைசென்ஸ் துப்புரவாகிய பிறகும் ஒரு வருடம் அதே கேள்விக்கு “ஆம்” என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பேசாமல் இருப்பதென்றால் இனி ஒவ்வொரு வருடமும் மகளை அந்தத் திரைக்கு முன் உட்காரவைத்து அதே பொய்யைச் சொல்லவேண்டும்.

நட்டமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விபத்தில் மற்றவருக்கு அடிபட்டால், உங்கள் பொய்யைக் காரணம் காட்டி அவரைக் கம்பனி லேசில் கைவிட முடியாது, அவருக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுத்த காசை உங்களிடமிருந்து திரும்ப அறவிடப் பார்க்கலாம். உங்கள் காருக்கு ஒரு பென்ஸும் வராது. ஒருமுறை காப்புறுதியை இல்லாததாக்கிவிட்டால், பிறகு எந்தக் கம்பனிக்குப் போனாலும் “முன்பு யாராவது உங்கள் இன்சூரன்ஸை ரத்துச் செய்தார்களா?” என்ற கேள்வி காத்திருக்கும். அடுத்த வருடம் மகளுக்கு 17, அவளும் கார் பழகக் கேட்பாள். 17 வயதுப் பிள்ளையைச் சேர்த்தால் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குமேல் தகப்பனின் பெயரில் இந்தக் கறையும் வேண்டுமா? லைசென்ஸ் எடுத்த முதல் 2 வருடத்தில் 6 பொயின்ட்ஸ் விழுந்தால் அவளுடைய லைசென்ஸே போய்விடும். இந்தச் சட்டத்தை நீங்கள்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எந்த முகத்தோடு சொல்வீர்கள்?

இனி செய்ய வேண்டியதைக் கேளுங்கள். அரச இணையத்தளத்தில் லைசென்ஸ் இலக்கம், தேசிய காப்புறுதி இலக்கம் (நஷனல் இன்சூரன்ஸ் நம்பர்), போஸ்ட்கோட் மூன்றையும் கொடுத்தால் உங்கள் பதிவு வரும். குற்றத் திகதி, குறியீடு, பொயின்ட்ஸ் எத்தனை என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். குறியீடு பெரும்பாலும் வேகக் குற்றத்துக்கான எஸ்.பி.30 ஆக இருக்கும். பிறகு கம்பனிக்கு நீங்கள் போன் எடுங்கள். மட்டுமட்டு ஆங்கிலம் போதும்: 3 பொயின்ட்ஸ் இருக்கிறது, புதுப்பிக்கும்போது சொல்லவில்லை, இப்போது சரியாகப் பதிய வேண்டும். தடுமாறினால் வளர்ந்த ஒருவரை, அந்த வேலையிட நண்பரை என்றாலும், பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மகள் வேண்டாம். யாரிடம் கதைத்தீர்கள், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, மாற்றத்தை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

அவர்கள் கூடுதல் கட்டணம் கேட்கலாம், கட்டுங்கள். தொடர்ந்து காப்புறுதி தர மாட்டோம் என்றும் சொல்லலாம். அப்படி வந்தால், அவர்கள் ரத்துச் செய்வதற்கு முன் நீங்களாக விலக விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள், பின்னுக்கு அது உதவும். புதிய இன்சூரன்ஸ் கைக்கு வரும்வரை கார்த் திறப்பைத் தொடவேண்டாம். காப்புறுதி இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் 300 பவுணும் 6 பொயின்ட்ஸும், காரையும் பொலிஸ் கொண்டுபோகலாம். இருக்கும் 3ஓடு அது 9. மூன்று வருடத்துக்குள் 12 சேர்ந்தால் பொதுவாக ஆறு மாதமாவது ஓட முடியாது. இரண்டு வருடத்தில் இரண்டு தடவை பிடிபட்டவருக்கு 12 தூரத்தில் இல்லை. அந்தப் பழைய வகுப்பு குற்றப்பதிவு கிடையாது, கம்பனி நேராகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

இதெல்லாவற்றுக்கும் முன், இன்று இரவு, மகளோடு கதையுங்கள். சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் முன் வேண்டாம், அவள் தனியாக இருக்கும்போது. “நீ கேட்டது சரி, நான் சொன்னது பிழை, நாளைக்கு நானே போன் பண்ணி மாற்றப்போகிறேன்” என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். காசு இல்லை, வீட்டுக் கஷ்டம் என்று நியாயம் சொல்லத் தொடங்க வேண்டாம், அதைக் கேட்டு உங்களை மன்னிக்கும் வேலையும் அவள் தலையில் விழும். அப்புறம் அந்த இன்சூரன்ஸ் கணக்கின் பாஸ்வேர்டை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதில் அவளுடைய ஈமெயில் கொடுத்திருந்தால் எடுத்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள்.