பினாங்கு விமானம் ஏன் தாமதம்? வாசகர் கேள்வி பதில்

கோலாலம்பூருக்கும் (சிப்பாங், சுபாங் விமான நிலையங்கள்) பினாங்குக்கும் (பாயான் லெப்பாஸ் விமான நிலையம்) இடையே பறக்கும் வாசகர்களின் கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். புகார்களில் வந்த நிறுவனப் பெயர்களை எடுத்துவிட்டோம். பதில்கள் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்துபவை.

மாலை 6 மணி விமானம். சிப்பாங்கிலும் வெயில், பினாங்கிலும் வெயில். ஆனாலும் ஒரு மணி நேரத் தாமதம். கேட்டால் ‘செயல்பாட்டுக் காரணம்’ என்கிறார்கள். அப்படி என்றால் என்ன?
— வாசகர், செந்தூல்

அந்த விமானம் அன்று காலை எங்கெல்லாம் போய் வந்தது என்று பாருங்கள், பதில் அங்கே இருக்கும். குறுந்தூரத் தடங்களில் ஓடும் ஓர் ஏர்பஸ் ஏ320, விடிகாலையில் கிளம்பி இரவு வரை ஆறு முதல் எட்டு முறை பறக்கும். கோத்தா பாரு போய்த் திரும்பி, அலோர் ஸ்டார் போய்த் திரும்பி, அதன் பிறகுதான் உங்களை ஏற்ற வாயிலுக்கு வந்து நிற்கும்.

தரையில் அதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. மலிவுக் கட்டண நிறுவனங்கள் இரண்டு பறப்புகளுக்கு இடையே ஒதுக்குவது ஏறத்தாழ 25 நிமிடம். அதற்குள் 180 பேர் இறங்க வேண்டும். அதற்கே ஏழெட்டு நிமிடம் ஆகும். குப்பை எடுப்பது, எரிபொருள் நிரப்புவது, பெட்டிகளை இறக்கி ஏற்றுவது எல்லாம் அதே வேளையில் நடக்கும். அடுத்த 180 பேர் ஏற 12 முதல் 15 நிமிடம். எடைக் கணக்குத் தாள் விமானியின் கைக்கு வந்து, கதவு மூடினால் 25 நிமிடமும் தீர்ந்தது. எங்காவது பத்து நிமிடம் பிசகினால் அதை மீட்க இடமே இல்லை. காலையில் கோத்தா பாருவில் விழுந்த 15 நிமிடம், நடுப்பகலில் அரை மணியாகி, மாலையில் உங்களிடம் ஒரு மணி நேரமாக வந்து சேரும். மாலை விமானத்தில் ஏறுபவர் கடைசிப் பந்தியில் உட்காருபவர். முன்பந்திகளில் நேர்ந்த சுணக்கம் முழுவதும் அவர் இலைக்குத்தான் வரும்.

உலகெங்கும் விமான நிறுவனங்கள் தாமதத்தின் காரணத்தை, சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா வகுத்த இரண்டு இலக்க எண்ணால் பதிவு செய்கின்றன. விமானத்தில் பழுது என்றால் 41. புறப்படும் ஊரில் வானிலை என்றால் 71, சேரும் ஊரில் என்றால் 72. முந்தைய பறப்பிலிருந்து விமானமே தாமதமாக வந்தால் 93. முகப்பில் நிற்கும் ஊழியர் ‘செயல்பாட்டுக் காரணம்’ என்று சொல்லும்போது, பெரும்பாலும் அந்த 93-ஐத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார். “விமானம் இன்னும் லங்காவியில் இருக்கிறது” என்று நேராகச் சொல்லிவிட்டால் பயணிகள் கோபமே பாதி குறையும்.

முதல் சுணக்கம் எங்கே பிறக்கிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி காணப்படுபவை. ஒன்று இடிமின்னல். மின்னல் அருகில் வந்தவுடன் விமானத் தளத்தில் வேலை செய்பவர்களை உள்ளே அழைத்துவிடுவார்கள். எரிபொருள், பெட்டி இரண்டும் நின்றுபோகும். மழை விட்ட பின்பும் எச்சரிக்கை நீங்கும் வரை யாரும் வெளியே வர மாட்டார்கள். வெயில் அடிக்கிறதே, ஏன் கிளப்பவில்லை என்று தோன்றும் அரை மணி நேரம் அதுதான். மற்றொன்று, பெட்டியை ஒப்படைத்துவிட்டு வாயிலுக்கு வராத பயணி. அவர் இல்லாமல் அவர் பெட்டி பறக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. நூறு பெட்டிகளுக்கு நடுவே அந்த ஒன்றைத் தேடி இறக்கப் பத்து, பதினைந்து நிமிடம் போய்விடும். கடைசி அறிவிப்பு வந்த பிறகும் கடையில் காப்பி வாங்கிக்கொண்டு நிற்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

ஆகவே நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நாளின் முதல் விமானம் முந்தைய இரவே வந்து நிற்கும். அதற்கு 93 என்ற பேச்சே பெரும்பாலும் இருக்காது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் 3 முதல் 7 மணி வரை இடிமழை அதிகம். அந்த மாதங்களில் மாலைப் பயணம் கட்டாயம் என்றால், இரவு நடக்க வேண்டிய காரியத்தை மறுநாளுக்கு மாற்றி வையுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. மே முதல் செப்டம்பர் வரை சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று மேற்குக் கரையை விடியற்காலையில் தாக்கும். அன்று காலை விமானமும் தப்பாது.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தாமதத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? பாயான் லெப்பாஸ் வரை வந்து காத்திருப்பதுதான் எரிச்சல்.
— வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

உண்டு. விமானங்களின் இருப்பிடத்தைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் உங்கள் விமான எண்ணைத் தேடுங்கள். அன்றைய பறப்புக்கு ஒதுக்கிய விமானத்தின் பதிவெண் தெரியும்; மலேசிய விமானங்களுக்கு அது 9எம் என்று தொடங்கும். பதிவெண்ணைத் தொட்டால் அந்த விமானம் அன்று பறந்த ஊர்களும் நேரங்களும் வரிசையாக வரும். உங்களுடையதற்கு முந்தைய பறப்பு எத்தனை மணிக்குத் தரையிறங்கும் என்று பார்த்து, அதனுடன் 35 நிமிடம் கூட்டுங்கள். தரையிறங்கி வாயிலுக்கு வரப் பத்து, திரும்பத் தயாராக 25. மாலை 5.00 மணி விமானத்துக்கு வர வேண்டியது 4.50-க்குத் தரையிறங்குகிறது என்றால், 5.25-க்கு முன் கிளம்பாது.

மூன்று மணி நேரத்துக்கு முன்பு பார்த்துப் பயனில்லை, விமானத்தை மாற்றிவிடுவார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு முன் பார்ப்பது சரி. தாமதம் தெரிந்தாலும் பெட்டி ஒப்படைக்கும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். மாற்று விமானம் கிடைத்தால் பழைய நேரத்துக்கே கிளப்பிவிடுவார்கள். முகப்பும் பழைய நேரப்படிதான் மூடும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பாக.

மூன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும் கொடுத்தார்கள். சட்டப்படி என்ன கேட்கலாம்? பணம் கிடைக்குமா?
— வாசகர், காஜாங்

2016 ஜூலை முதல் நடப்பில் உள்ள மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு இரண்டு எல்லைகளை வகுக்கிறது: 2 மணி நேரம், 5 மணி நேரம்.

தாமதம் 2 மணி நேரத்தைத் தொட்டால் உணவு, தொலைபேசி அழைப்பு, இணைய வசதி தர வேண்டும். 5 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகி இரவு தங்க வேண்டிவந்தால், விடுதியும் அங்கே போய்வர வாகனமும் சேரும். 2024 செப்டம்பர் 2 முதல் இன்னொரு உரிமையும் உண்டு. தாமதம் 5 மணி நேரமோ அதற்கு மேலோ என்றால், “எனக்குப் பயணமே வேண்டாம், பணத்தைக் கொடுங்கள்” என்று கேட்கலாம். 30 நாளுக்குள், நீங்கள் எந்த வழியில் செலுத்தினீர்களோ அதே வழியில் திரும்பி வர வேண்டும். கடன் அட்டையில் கட்டியிருந்தால் அட்டைக்கு. பற்றுச்சீட்டோ புள்ளிகளோ கொடுத்தால் ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். பயணம் ரத்தானால் பணமா, வேறு விமானமா என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உங்களுக்கு மூன்றரை மணி நேரம். ஆகவே சாப்பாடு உண்டு, பணம் கிடையாது. ஐரோப்பாவில் 1500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணம் 3 மணி நேரம் தாமதமானால் 250 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். தாமதத்துக்கு அப்படி ஒரு நிலையான ரொக்கத் தொகை நம் விதித்தொகுப்பில் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘600 யூரோ கேளுங்கள்’ செய்தியை நம்பி முகப்பில் சண்டை போட வேண்டாம்.

ஒன்றில் கவனமாக இருங்கள். தாமதத்தை ஒரே தடவையில் அறிவிக்க மாட்டார்கள். 45 நிமிடம், பிறகு இன்னொரு 45, பிறகு ‘விரைவில்’. நீங்கள் கணக்கிட வேண்டியது டிக்கெட்டில் முதலில் அச்சான நேரத்திலிருந்து. 2 மணி நேரம் ஆனதும் வாயிலில் உள்ள ஊழியரிடம் சாப்பாட்டுக் கூப்பன் கேளுங்கள். கேட்காதவர்களுக்குப் பல நேரம் கிடைப்பதில்லை. தரவில்லை என்றால் நீங்களே வாங்கிச் சாப்பிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புப் பலகையை நேரம் தெரியும்படி படம் எடுங்கள். நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்தியையும் ஏறும் அட்டையையும் அழிக்காதீர்கள்.

புகார் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் போக வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் விமானப் பயணிகளின் புகார்களுக்கான ஃபிளைஸ்மார்ட் இணையத் தளத்தில் பதியலாம். முன்பு இதைப் பார்த்துவந்த மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையமான மாவ்கோம், 2025 ஆகஸ்ட் 1 அன்று மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துடன் இணைந்துவிட்டது. பயணக் காப்புறுதி எடுத்திருந்தால், தாமதக் காரணத்தையும் நேரத்தையும் குறிப்பிடும் கடிதத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் காப்புறுதிக்காரர்கள் அசைய மாட்டார்கள்.

15 நிமிடம் தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்தில் சேர்ந்துவிட்டோம். எப்படி?
— வாசகர், கிள்ளான்

காற்றில் இருப்பது 40, 45 நிமிடம்தான். அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள், ஏனென்றால் அது வாயிலிலிருந்து வாயில் வரையிலான நேரம். சிப்பாங்கில் மூன்று ஓடுபாதைகள். தொலைவில் உள்ளது கிடைத்தால் தரையில் உருண்டே கால் மணி நேரம் போகும். பக்கத்தில் உள்ளது கிடைத்தால் அது மிச்சம். மேலும், குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் கிளம்பினால் விமானத் துறையில் அது ‘நேரத்தோடு’ என்றுதான் எண்ணப்படும். விளம்பரங்களில் வரும் நேரந்தவறாமை விழுக்காட்டைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சுபாங்கிலிருந்து புரொப்பெல்லர் விமானத்தில் ஏறினால், கிளம்பும் வரை வியர்த்துக் கொட்டுகிறது. ஏசியை வேண்டுமென்றே நிறுத்துகிறார்களா?
— வாசகி, பாயான் பாரு

ஏ320, போயிங் 737 போன்றவற்றில் வாலுக்குள் ஒரு துணை இயந்திரம் இருக்கும். தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் அதிலிருந்து வரும். சுபாங்–பினாங்கு தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 விமானத்தில் அது இல்லை. அதற்குப் பதில் வலப்பக்க இயந்திரத்தை ஓடவிட்டு, புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவைப்பார்கள். அந்த இயந்திரம்தான் ஏசிக்குக் காற்று தரும். பின்னாலிருந்து காற்று பலமாக வீசினால் அப்படிச் செய்ய வழியில்லை. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகவும் சில சமயம் கடைசியில்தான் ஓட விடுவார்கள். வெளியிலிருந்து குளிர்காற்று தரும் வண்டியை இணைக்கலாம், அது எல்லா இடத்திலும் தயாராக இருப்பதில்லை.

இரண்டு இயந்திரமும் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும். கதவு பின்பக்கம் இருப்பதால், கடைசியாக ஏறிப் பின்வரிசையில் உட்கார்ந்தால் புழுக்கத்தில் இருக்கும் நேரம் குறையும். இந்த விமானத்தில் தலைக்கு மேல் பை வைக்கும் தட்டு சிறியது. 7 கிலோ அனுமதி இருந்தாலும் சக்கரம் வைத்த பெட்டி நுழையாமல் போகலாம்; துணிப்பை எடுத்துச் செல்லுங்கள்.

முன்பதிவு செய்த நாசி லெமாக் வரவே இல்லை. இறங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.
— வாசகர், பட்டர்வொர்த்

10,000 அடி தாண்டிய பிறகுதான் பணியாளர்கள் எழுந்து நடமாடுவார்கள். இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே வண்டியைப் பூட்ட வேண்டும். பினாங்குத் தடத்தில் இடையே மிஞ்சுவது 20 நிமிடம் அளவு. காற்றுக் குலுக்கலால் இருக்கைப் பட்டி விளக்கு அணையாவிட்டால் அதுவும் இல்லை. முன்பதிவு உணவை முதலில் கொடுப்பது வழக்கம்; வண்டி கிளம்பும்போதே உங்கள் வரிசை எண்ணைச் சொல்லி நினைவூட்டுங்கள். கட்டிய பணத்துக்கு உணவு வராவிட்டால், முன்பதிவு எண்ணோடு நிறுவனத்துக்கு எழுதித் திரும்பப் பெறலாம். இந்தத் தடத்தில் சூடான சாப்பாட்டைக் காசு கொடுத்துப் பதிவு செய்வதே வீண் என்பது எங்கள் கருத்து. பாயான் லெப்பாஸில் இறங்கினால் இதைவிட நல்ல சோறு கிடைக்காதா?

பினாங்கிலிருந்து சிப்பாங் போய், அங்கிருந்து வேறு விமானத்தில் திருச்சி போகிறேன். இரண்டும் தனித்தனி டிக்கெட். இடையே எத்தனை மணி நேரம் விட வேண்டும்?
— வாசகர், நிபோங் தெபால்

தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போனால், இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. கணக்கிடுங்கள்: பெட்டி வர 30 நிமிடம், முனையம் மாற 30, அடுத்த முகப்பு மூடுவது புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு. இதுவே 2 மணி நேரம், தாமதத்துக்கு ஒரு நிமிடம்கூட விடாமல். காலைப் பயணத்துக்கு 4 மணி நேரமும் மாலைக்கு 5 மணி நேரமும் விடுங்கள். ஏர் ஏசியா முனையம் 2-இல், பாத்திக் ஏர், மலேசியா ஏர்லைன்ஸ் முனையம் 1-இல் இயங்குகின்றன. இடையே ரயிலில் 3 நிமிடம், கட்டணம் 2 வெள்ளி. முடிந்தால் இரண்டு பறப்பையும் ஒரே பதிவில் வாங்குங்கள். பெட்டி நேராகப் போகும், தவறினால் மாற்று ஏற்பாடும் அவர்கள் தலையில். சென்னை வழியாகப் போகலாம் என்றால், இண்டிகோ 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து நேரடி விமானம் தொடங்கியது. அதையும் விலை பாருங்கள்.

பெட்டியின் சக்கரம் உடைந்து வந்தது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.
— வாசகி, ஷா ஆலம்

சேதத்தை 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெட்டி தாமதமாக வந்ததற்கு 21 நாள். வருகைக் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே அங்குள்ள பெட்டிச் சேவை முகப்பில் படிவம் நிரப்பினால் வாதம் குறையும். பெட்டியில் ஒட்டிய சீட்டைக் கிழிக்காமல் படம் எடுத்து இன்றே அனுப்புங்கள்.

இவ்வளவுக்கும் ரயிலே மேல் இல்லையா?
— வாசகர், பிறை

உங்களுக்கு ரயில்தான். கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் மின்சார ரயிலில் ஏறத்தாழ 4 மணி நேரம். விமானத்தில் போனால் சென்ட்ரலிலிருந்து முனையம் 2-க்கு விரைவு ரயிலில் 33 நிமிடம், ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு, பறப்பு, பெட்டி, பிறகு பாயான் லெப்பாஸிலிருந்து பாலம் கடந்து பிறை. அதுவும் 4 மணி நேரத்தைத் தொடும், எதுவும் தாமதமாகாவிட்டால். ஜார்ஜ்டவுன்காரர்களுக்குப் படகும் சேர்வதால் இரண்டும் ஏறக்குறைய சமம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குக் காலையில் போய் மாலையில் திரும்புபவர்களுக்கு விமானம்தான். பள்ளி விடுமுறைக்கும் தைப்பூசத்துக்கும் ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். விற்பனை திறந்தவுடன் வாங்கிவிடுங்கள்.